ஆகாயத்து ஆக்டிங் டிரைவர்கள்: 65 வயதுக்குப் பிறகு பைலட்டுக்கு என்ன வேலை, என்ன சம்பளம்?

இந்த ஜனவரியில் ஒரு நாள் விடிகாலை 5 மணி. டொரண்டோவை ஒட்டிய மார்க்கம் நகரில் எங்கள் தெருவில் மைனஸ் 18 டிகிரி. குழந்தைக்குப் பால் காய்ச்ச எழுந்தவன் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர்வீட்டு கேப்டன் அங்கிள் கார் கண்ணாடியில் பனிக்கட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சின்ன சக்கரப் பெட்டி. தோளில் பட்டை போட்ட வெள்ளைச் சட்டை, மேலே குளிர்க் கோட்டு.

கோயம்புத்தூர்க்காரர். சின்ன வயதிலேயே கனடா வந்தவர். ஒரு பெரிய ஏர்லைனில் முப்பது வருடத்துக்கு மேல் ஓட்டி, 2023-ல் 65 வயது முடிந்து ஓய்வுபெற்றார். அந்த விருந்துக்கு நானும் போய் கேக் சாப்பிட்டேன். இப்போது 67. அன்று சாயங்காலம் பார்த்தபோது கேட்டேன்.

"என்ன அங்கிள், ரிட்டயர் ஆகிட்டீங்கன்னு நினைச்சேன்?"

"ரிட்டயர் ஆனது ஏர்லைன்ல இருந்து தம்பி. பறக்கறதுல இருந்து இல்ல. இப்ப ஒரு பணக்காரரோட ஜெட் ஓட்டறேன். உங்க ஊர் பாஷையில சொன்னா ஆக்டிங் டிரைவர்!"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம், என் அப்பா.

அப்பா தஞ்சாவூர்ப் பக்கம் அரசு பஸ் டிரைவர். 2015-ல் 58 வயது முடிந்ததும் மாலை போட்டு அனுப்பினார்கள். அடுத்த மாதமே ஒரு டிராவல்ஸில் ஆக்டிங் டிரைவராகப் பெயர் கொடுத்துவிட்டார். கல்யாணம், திருப்பதி, ஏர்போர்ட் என்று கூப்பிடும்போது போவார். நாள் கூலி, சாப்பாட்டுக்குத் தனியாக பேட்டா. "அறுபது பேரை ஏத்திக்கிட்டு ஓட்டக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. ஆறு பேரை ஏத்திக்கிட்டு ஓட்டலாமாம். என்ன கணக்கோ?" என்று கேட்பார். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. பத்து வருடம் கழித்து, அதே கேள்வியை 67 வயது பைலட் ஒருவர் எனக்கு ஞாபகப்படுத்தினார். ஐ.டி.க்காரன் புத்தி சும்மா இருக்குமா? உட்கார்ந்து விவரங்களைத் தேட ஆரம்பித்தேன். இந்தக் கட்டுரை அதன் பலன்.

60 எங்கிருந்து வந்தது, 65 எங்கிருந்து வந்தது?

முதலில் ஒரு விஷயம். பைலட் ஓய்வு வயது என்பது டாக்டர்கள் கூடி ஆராய்ந்து சொன்ன எண் என்றுதான் நான் நினைத்திருந்தேன். வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. அமெரிக்காவில் 60 வயது வரம்பு 1960 மார்ச் மாதம் அமலுக்கு வந்தது. ஜெட் விமானங்கள் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தன. வயதான பைலட்டுகளை ஜெட்டுக்குப் பழக்குவது கம்பெனிகளுக்குச் செலவு பிடித்த தலைவலி. அதற்கு முந்தைய ஆண்டில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவர் சி.ஆர்.ஸ்மித், அந்நாட்டு விமானத்துறை நிர்வாகத்தின் தலைவரான க்வெசாடாவுக்கு இது தொடர்பாகக் கடிதம் எழுதினார். பதவியை விட்டு இறங்கிய பிறகு க்வெசாடா அதே அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இயக்குநர் குழுவில் சேர்ந்தார். இதை வைத்து பைலட்டுகள் பல பத்தாண்டுகள் சண்டை போட்டார்கள்.

உலக அளவில் விதி வகுப்பது ஐ.நா.வின் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு. சுருக்கமாக ஐகாவோ. தலைமையகம் நம்ம மாண்ட்ரியலில்தான். 2006 நவம்பரில் இரண்டு பைலட் ஓட்டும் பயணிகள் விமானத்துக்கு வரம்பை 65 ஆக உயர்த்தினார்கள். ஒருவர் 60-ஐத் தாண்டினால் இன்னொருவர் 60-க்குள் இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. 2014-ல் அதையும் எடுத்துவிட்டார்கள். 2007 டிசம்பரில் அமெரிக்காவும் 65-க்கு வந்தது. ஜப்பான் 2015-லேயே உள்நாட்டுக்கு 67 வரை அனுமதித்தது. 2024-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் 67 ஆக்கும் முயற்சி தோற்றது. கடந்த ஆண்டு ஏர்லைன் கம்பெனிகளின் சங்கமான ஐயாட்டா, உலகம் முழுவதும் 67 ஆக்கச் சொல்லி மாண்ட்ரியல் கூட்டத்தில் கேட்டது. அதுவும் நடக்கவில்லை.

ஆக, 60-ம் சரி, 65-ம் சரி, பேரம் பேசி வந்த எண்கள். பேரத்தில் வந்ததாலேயே தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் அது கல்வெட்டும் இல்லை.

கனடாவில் நடந்த வழக்கு

கனடாவில் பைலட் லைசென்ஸுக்கு வயது உச்சவரம்பே கிடையாது. மெடிக்கல் பாஸ் பண்ணினால் போதும். 60-க்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மெடிக்கல். ஆனாலும் ஏர் கனடாவில் 60 வயதில் கட்டாய ஓய்வு இருந்தது. அது அரசு விதி அல்ல. கம்பெனியும் யூனியனும் போட்ட ஒப்பந்தம்.

2003-ல் வில்வென், 2005-ல் கெல்லி என்ற இரண்டு கேப்டன்கள் 60 வயதில் அனுப்பப்பட்டு, மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். 2007-ல் தோல்வி. மேல்முறையீடு. 2010-ல் இருவரையும் திரும்பச் சேர்க்கச் சொல்லி உத்தரவு. 2012-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் மறுபடி தோல்வி. "அந்தத் தொழிலில் வழக்கமான ஓய்வு வயது" வந்துவிட்டால் அனுப்பலாம் என்று கனடிய மனித உரிமைச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. வழக்கில் அவர்கள் தோற்றது அதனால்தான். ஆனால் நாடாளுமன்றம் அந்தப் பிரிவையே நீக்கியது; அந்த நீக்கம் அதே 2012 டிசம்பரில் அமலுக்கு வந்தது. அதற்குப் பிறகு ஏர் கனடா பைலட்டுகள் 65 வரை ஓட்ட முடிந்தது.

வழக்குப் போட்டவர்கள் தோற்று, பின்னால் வந்தவர்கள் ஜெயித்த கதை இது. எதிர்வீட்டு அங்கிளும் பின்னால் வந்தவர்தான். "அவங்க சண்டை போடலைன்னா நான் 2018-லயே வீட்டுக்குப் போயிருப்பேன்" என்றார். அவர் இருந்த கம்பெனி எது என்று இங்கே எழுதவில்லை. எல்லாக் கம்பெனிக்கும் அந்தச் சட்டம் ஒன்றுதான்.

அதே ஜெட், இரண்டு சட்டம்

இனி முக்கியமான இடம். 65-க்குப் பிறகு சார்ட்டர் ஜெட்டுக்குப் போகலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். போகலாம். ஆனால் எந்த மாதிரிப் பயணம் என்பதைப் பொறுத்து விதி மாறும்.

ஐகாவோவின் 65 வரம்பு, நாடு விட்டு நாடு போகும் வணிகப் பயணத்துக்கு மட்டும். காசு வாங்கிக்கொண்டு ஆளை ஏற்றினால் அது வணிகப் பயணம். கனடிய விதிகளில் பெரிய ஏர்லைன்கள் 705-வது பகுதியில் வரும். வாடகைக்குப் பறக்கும் சின்ன ஜெட்டுகள் பெரும்பாலும் 704-வது பகுதியில். ஒரு கம்பெனி அல்லது ஒரு முதலாளி தன் சொந்த ஜெட்டில் தானே பறந்தால் அது 604-வது பகுதி; வணிகப் பயணம் அல்ல.

இப்போது ஒரே ஜெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை முதலாளி தன் வேலையாக நியூயார்க் போகிறார். 67 வயது அங்கிள் ஓட்டலாம். புதன்கிழமை அதே ஜெட்டை வேறொருவர் வாடகைக்கு எடுத்து அதே நியூயார்க் போகிறார். அங்கிள் ஓட்ட முடியாது. வியாழக்கிழமை வாடகைக்கு வான்கூவர் போகிறார்கள். உள்நாடு என்பதால் மறுபடி ஓட்டலாம். விமானம் மாறவில்லை, பைலட் மாறவில்லை, ரத்தக் கொதிப்பு மாறவில்லை. மாறியது பில் மட்டும்தான்.

அப்பா கேட்ட கேள்விக்கு இதுதான் பதில் என்று நினைக்கிறேன். சட்டம் டிரைவரின் உடம்பைப் பார்க்கவில்லை. டிக்கெட் வாங்கிய ஜனங்களுக்கு அரசு பொறுப்பு. முதலாளிக்கு அவரே பொறுப்பு. அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் முழு நியாயம் இல்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவில், உள்நாட்டு சார்ட்டருக்குப் பொதுவாக வயது வரம்பு இல்லை. 2022 இறுதியில் வந்த சட்டம், மிகப் பெரிய சார்ட்டர் கம்பெனிகள் மட்டும் 70 வயதில் நிறுத்திக்கொள்ள இடம் கொடுத்தது. இந்தியாவில் 65-தான் வணிகப் பயணத்துக்கு எல்லை.

சட்டம் விட்டாலும் இன்ஷூரன்ஸ்காரர் விட வேண்டும். வயது ஏற ஏற பிரீமியம் ஏறும். 70 நெருங்கும்போது கேள்விகள் அதிகமாகும். பல முதலாளிகள் பைலட்டை மாற்றுவது சட்டத்துக்குப் பயந்து அல்ல, பாலிசிக்குப் பயந்துதான்.

சம்பளம் எவ்வளவு?

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை வெளியிட்ட 2024 மே கணக்கு இது. ஏர்லைன் பைலட்டுகளின் நடுமட்ட ஆண்டுச் சம்பளம் 2,26,600 அமெரிக்க டாலர். சார்ட்டர், ஆம்புலன்ஸ் விமானம், தீயணைப்பு என்று மற்ற வணிகப் பைலட்டுகளுக்கு 1,22,670 டாலர். பாதிக்குச் சற்று மேல். இதில் ஹெலிகாப்டர் ஓட்டும் இளைஞரும் வருவார், பெரிய ஜெட் ஓட்டும் மூத்த கேப்டனும் வருவார். ஆகவே ஒவ்வொருவருக்கும் இது பொருந்தாது. ஆனால் திசையைக் காட்டுகிறது.

ஏன் இந்த வித்தியாசம்? ஏர்லைனில் சம்பளத்தைத் தீர்மானிப்பது சீனியாரிட்டி. 30 வருடம் ஓட்டியவர் பட்டியலின் மேலே இருப்பார். பெரிய விமானம், நல்ல ரூட், நல்ல லீவு. பின்னால் யூனியன் இருக்கிறது. 2024-ல் ஏர் கனடா பைலட்டுகள் ஸ்டிரைக் வரை போய், நான்கு ஆண்டுகளில் ஏறக்குறைய 42 சதவீத உயர்வு வாங்கினார்கள். வேலையை விட்டு வெளியே வந்த நொடியில் அந்த சீனியாரிட்டி பூஜ்யம். வேறு இடத்துக்கு எடுத்துப் போக முடியாது. நம்ம ஐ.டி.யில் கம்பெனி மாறினால் சம்பளம் ஏறும். அங்கே இறங்கும்.

சார்ட்டர் பக்கம் மூன்று விதமான ஏற்பாடு இருக்கிறது. ஒன்று, மாதச் சம்பளத்துக்கு நிரந்தர வேலை. இரண்டு, நாள் கணக்கு ஒப்பந்தம்: பறக்கும் நாளுக்கு இவ்வளவு, வெளியூரில் தங்கினால் பேட்டா. மூன்று, வருடத்துக்கு இத்தனை நாள் உறுதி என்று பேசிக்கொள்வது. ஓய்வுபெற்றவர்கள் பலர் இரண்டாவதைத்தான் எடுக்கிறார்கள். நாள் கூலியைப் பார்த்தால் கண்ணைப் பறிக்கும். ஆனால் மாதத்தில் எத்தனை நாள் என்பதுதான் கேள்வி.

இன்னொரு செலவையும் பார்க்க வேண்டும். ஏர்லைனில் போயிங் ஓட்டியவர் நேராக வந்து பொம்பார்டியர் குளோபலில் உட்கார முடியாது. ஒவ்வொரு ஜெட்டுக்கும் தனி டைப் ரேட்டிங். சிமுலேட்டரில் சில வாரம். செலவு பல பத்தாயிரம் டாலர். கம்பெனி கட்டினால் "இத்தனை மாதம் வேலை செய்வேன்" என்று பாண்ட் கேட்கும். 65 வயதுக்காரருக்கு எதற்கு அவ்வளவு செலவு என்று யோசிக்கும் கம்பெனிகளும் உண்டு. அதனால்தான் அங்கிள் சொல்வார்: "65-ல வேலை தேடாதே. 60-லயே எந்த ஜெட்டுன்னு முடிவு பண்ணு."

பென்ஷன் கணக்கு

டொரண்டோ தமிழர்கள், பைலட்டாக இல்லாவிட்டாலும், கவனிக்க வேண்டிய பகுதி இது. கனடாவில் 65-ல் முதியோர் உதவித்தொகை வரும். ஆனால் உங்கள் வருமானம் ஒரு எல்லையைத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு டாலருக்கும் 15 சென்ட் திரும்பப் பிடிப்பார்கள். 2025-க்கு அந்த எல்லை 93,454 டாலர்.

ஒரு உதாரணம் போடுவோம். ஒருவருக்கு மொத்தப் பென்ஷன் 90,000 டாலர். சார்ட்டரில் வருடம் 60,000 சம்பாதிக்கிறார். மொத்தம் 1,50,000. எல்லையைத் தாண்டியது 56,546. அதில் 15 சதவீதம் சுமார் 8,480 டாலர். உதவித்தொகையே கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆக, முழுவதும் போன மாதிரி. அதற்கு மேல் வருமான வரி வேறு. 60,000 என்று கையெழுத்துப் போட்டவர் கையில் நிற்பது பாதியை ஒட்டித்தான்.

இதற்கு வழி உண்டு. வேலை செய்கிற வரை உதவித்தொகையைத் தள்ளிப்போடலாம். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் 0.6 சதவீதம் கூடும். 70-ல் வாங்கினால் 36 சதவீதம் அதிகம். சி.பி.பி. எனப்படும் கனடா பென்ஷனையும் 70 வரை தள்ளிப்போட்டால் 42 சதவீதம் அதிகம். இது தெரியாமல் 65-ஆவது பிறந்தநாளிலேயே ஃபார்ம் நிரப்பிவிட்டு, பிறகு வேலைக்கும் போகிறவர்களை எனக்குத் தெரியும்.

பென்ஷன் இருக்கிறவர் ஆசைக்கு ஓட்டுகிறார். இல்லாதவர்? ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கி 155 பேரையும் காப்பாற்றிய சல்லி சல்லன்பெர்கரை நினைத்துப் பாருங்கள். அது நடந்த அடுத்த மாதமே, 2009 பிப்ரவரியில், அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் அவர் சொன்னது: தன் சம்பளம் 40 சதவீதம் வெட்டப்பட்டது, பென்ஷன் திட்டமே ரத்தாகி, அதற்குப் பதில் சொற்பத் தொகைதான் உத்தரவாதம். உலகமே கைதட்டிய கேப்டனின் நிலைமை அது. திவாலான ஏர்லைன்களில் இருந்தவர்களுக்கு ஓய்வுக்குப் பின் வேலை என்பது ஆசை இல்லை, அரிசி பருப்பு.

வேலை எப்படி இருக்கும்?

ஏர்லைன் கேப்டனுக்குப் பின்னால் ஒரு படையே இருக்கும். ரூட் போட ஒருவர், சாமான் ஏற்ற ஒருவர், சாப்பாடு வைக்க ஒருவர். சின்ன ஜெட்டில் பல நேரம் பைலட்டேதான் எல்லாம். பயணி வரும் முன் காபி சூடாக இருக்கிறதா, பனிக்கட்டி நீக்கியாச்சா, போகிற ஊரில் கஸ்டம்ஸ் சொல்லியாச்சா. வந்ததும் பெட்டியைத் தூக்கி வைக்க வேண்டும். போனதும் சீட்டைத் துடைக்க வேண்டும். "300 பேருக்கு கேப்டனா இருந்தப்ப ஒரு நாள்கூட குப்பைப் பை கட்டினதில்லை. இப்ப கட்டறேன்" என்றார் அங்கிள். வருத்தமாகச் சொல்லவில்லை.

சின்ன ஊர், குட்டை ஓடுபாதை, இதுவரை பார்க்காத விமான நிலையம். போன் அடித்தால் கிளம்ப வேண்டும். முதலாளி மீட்டிங் நீண்டால் ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஆக்டிங் டிரைவர் கல்யாண மண்டப வாசலில் காத்திருப்பது போலத்தான்.

ஆபத்தும் உண்டு. 2025 ஜூன் 15 அன்று கேதார்நாத் யாத்திரை ஹெலிகாப்டர் விழுந்து 7 பேர் இறந்தார்கள். ஓட்டியவர் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற அனுபவசாலி. மலையும் மேகமும் அனுபவத்தைப் பார்த்து வழிவிடுவதில்லை. "இன்னைக்குப் போக முடியாது" என்று பணம் கொடுத்தவரிடம் சொல்லும் தைரியம் பைலட்டுக்கு வேண்டும். நாள் கூலிக்காரருக்கு அந்தத் தைரியம் வருவது கஷ்டம். ஏர்லைனில் யூனியன் கொடுத்த முதுகெலும்பு இங்கே இல்லை. எனக்கு இதுதான் பெரிய கவலை.

பறக்காமலும் வழி உண்டு. மாண்ட்ரியலைத் தலைமையிடமாகக் கொண்ட சி.ஏ.இ. போன்ற நிறுவனங்களில் சிமுலேட்டர் பயிற்சியாளர் வேலை. இதற்கு வானத்து வயது வரம்பு தடையில்லை. ஃப்ளையிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுக்கலாம். பரிசோதகர், பாதுகாப்புத் தணிக்கை என்றும் வேலைகள் உண்டு. இரவில் வீட்டில் தூங்கலாம் என்பதே பெரிய சம்பளம்.

நம்ம ஊரில் ஓய்வுபெற்றவர்கள் சேர்ந்து தொழிலே தொடங்கியதும் உண்டு. 'சூரரைப் போற்று' பார்த்தவர்களுக்குக் கோபிநாத்தைத் தெரியும். ஏர் டெக்கான் 2003-ல்தான் வந்தது. அதற்கு முன் ராணுவத்திலிருந்து வெளியே வந்த அவரும் ராணுவ நண்பர் சாமுவேலும் தொடங்கியது ஹெலிகாப்டர் சார்ட்டர் கம்பெனி.

நான் சொல்ல வருவது

ஐ.டி.யில் யாரும் "உனக்கு வயசாச்சு, போ" என்று சொல்வதில்லை. "ரீஸ்ட்ரக்சரிங்" என்கிறார்கள். என் டீமில் 48 வயதில் அப்படிப் போனவர் இருக்கிறார். எனக்கு 37. ஆகவே வயதைப் பார்த்து ஆளை அனுப்புவது எனக்கு வேறு யாருடைய பிரச்சினையும் அல்ல.

அதற்காக வரம்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. கடன் வாங்கி லைசென்ஸ் எடுத்துவிட்டு, சீட் கிடைக்காமல் நிற்கும் பிள்ளைகள் ஊரில் எத்தனையோ பேர். பெரியவர் எழுந்தால்தான் சின்னவர் உட்கார முடியும். அதுவும் நியாயம்தான். ஆனால் காரணத்தை நேர்மையாகச் சொல்லுங்கள். இடம் வேண்டும் என்றால் இடம் வேண்டும் என்று சொல்லுங்கள்; பாதுகாப்பு என்று சொல்லாதீர்கள். பாதுகாப்புதான் காரணம் என்றால், பில்லைப் பார்த்து மாறாத ஒரே விதி வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கடுமையான மெடிக்கல், சிமுலேட்டரில் கடுமையான பரீட்சை. பாஸானால் ஓட்டட்டும், ஃபெயிலானால் 52 வயதானாலும் இறங்கட்டும்.

பிள்ளையைப் பைலட் ஆக்க நினைக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. முதல் சம்பளத்தை மட்டும் கேட்காதீர்கள். கடைசி சம்பளம் எந்த வயதில், அதன்பின் என்ன என்றும் கேளுங்கள்.

போன வாரம் அப்பாவிடம் வீடியோ காலில் இதையெல்லாம் சொன்னேன். அவருக்கு இப்போது 68. இரண்டு வருடம் முன்பே ஆக்டிங் வேலையை விட்டுவிட்டார்.

"ஏன்ப்பா விட்டீங்க? யாராவது வேண்டாம்னாங்களா?"

"யாரும் சொல்லல. ராத்திரி எதிர்ல வர்ற லைட்டு கண்ணுல தெறிக்க ஆரம்பிச்சுது. மறுநாளே சாவியைக் கொடுத்துட்டேன்."

58-ல் காலண்டர் அவரை இறக்கியது. 66-ல் கண் இறக்கியது. இரண்டாவதைப் பற்றி அவர் இதுவரை ஒரு குறையும் சொன்னதில்லை.